ஒரு ஷேடரின் படத்தை அடுத்த ஷேடரிடம் சேர்ப்பது எப்படி? நேரலை வீடியோவுக்கான வழிகள் ஓர் ஒப்பீடு

பியூர் டேட்டா, மேக்ஸ், டச்டிசைனர் போன்ற காட்சிவழி நிரலாக்கச் சூழல்களில் வீடியோ செய்யத் தொடங்குபவர்களுக்கு முதல் ஷேடர், அதாவது படத்தின் ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல், பெரும்பாலும் எளிதாகவே அமைந்துவிடுகிறது. கேமராப் படம் உள்ளே போகிறது, நிறம் மாறி வெளியே வருகிறது. சிக்கல் இரண்டாவது ஷேடரைச் சேர்க்கும்போதுதான் தொடங்குகிறது. முதல் ஷேடர் வரைந்த படத்தை இரண்டாவதற்கு எப்படிக் கொடுப்பது என்பதற்கு நான்கு விடைகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே ஷேடருக்குள் எழுதிவிடலாம். ஃபிரேம்பஃபர்களை, அதாவது திரைக்குப் பதிலாக வரைய உதவும் மறைபரப்புகளை, சங்கிலியாக இணைக்கலாம். திரையில் வரைந்ததை டெக்ஸ்ச்சராக, அதாவது ஷேடர் படிக்கத்தக்க படமாக, நகலெடுக்கலாம். படத்தைச் சிபியுவின் நினைவகத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் மேலே அனுப்பலாம். நான்கும் வேலை செய்யும் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பொருந்தாத இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் திரை கறுத்துவிடும், அல்லது படம் ஒரு மூலையில் ஒடுங்கும், அல்லது சீராக ஓடிக்கொண்டிருந்த காட்சி திக்கித் திக்கி நகரும்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் நேரம். வினாடிக்கு 60 படங்கள் ஓட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி மட்டுமே. வீடியோவைப் பிரித்தெடுப்பது முதல் திரையில் காட்டுவது வரை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அடுத்தது, படத்தின் அளவு சாளரத்தின் அளவைச் சார்ந்திருக்கிறதா என்பது. மூன்றாவது, இடைநிலைப் படங்களில் நிறத்தின் துல்லியம் எவ்வளவு காக்கப்படுகிறது என்பது. நான்காவது, முந்தைய படத்தை மீண்டும் உள்ளே ஊட்டும் பின்னூட்டம் அந்த வழியில் இயலுமா என்பது.

ஐந்தாவது அளவுகோலைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிழை நேர்ந்தால் அது எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதை எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்க முடியும்? ஷேடருக்குள் மதிப்புகளை அச்சிட்டுப் பார்க்க வசதியில்லை. வெளியிலிருந்து ஆராயும் கருவிகளுக்கும் எல்லை உண்டு. ரெண்டர்டாக் என்ற கருவி, கிராஃபிக்ஸ் கார்டிடம் வரையச் சொல்லும் இடைமுகமான ஓப்பன்ஜிஎல்லின் 3.2 கோர் வகைக்கு முந்தைய பழைய பாணி நிரல்களைப் பிடிப்பதில்லை. பியூர் டேட்டாவின் வீடியோ நீட்சியான ஜெம் போன்ற, பழைய பாணி ஓப்பன்ஜிஎல்லில் வளர்ந்த சூழல்களில் அதை நம்ப முடியாது, ஏபிஐட்ரேஸ் என்ற கருவிதான் உதவும். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது இவை எதற்கும் நேரமிருக்காது. ஆகவே பேட்சின் (இந்தச் சூழல்களில் பொருள்களை இணைத்து உருவாக்கும் நிரலின்) எந்தக் கட்டத்தையும் ஒரு பொத்தானை அழுத்தித் திரையில் பார்க்க முடிகிற அமைப்பே, சற்று மெதுவாக இருந்தாலும், நேரலைக்கு ஏற்ற அமைப்பு. கீழே வரும் தீர்ப்புகளில் இந்தச் சாய்வு இருக்கும்.

## ஒரே ஷேடருக்குள் எல்லாம்

ஒவ்வொரு பிக்சலும் தன் நிறத்தை மட்டும் பார்த்து மாறுகிற விளைவுகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. நிறத் திருத்தம், பின்னணி நீக்கம், இரண்டு வீடியோக்களின் கலப்பு, ஆயங்களை (படத்தில் இடத்தைக் குறிக்கும் எண்களை) வளைத்து உண்டாக்கும் அலை போன்ற சிதைவுகள் ஆகியவற்றை அடுத்தடுத்த செயற்கூறுகளாக எழுதி ஒரே ஷேடரில் அழைத்துவிடலாம். இடைநிலைப் படம் என்று ஒன்று நினைவகத்தில் எழுதப்படாததால் வேகம் மிஞ்சுகிறது. கணக்கு முடியும் வரை மதிப்புகள் ஃப்ளோட் (தசம) எண்களாகவே இருப்பதால் நிறத் துல்லியமும் கெடுவதில்லை. பிழை தேடுவதும் எளிது: ஐயமுள்ள வரிக்குக் கீழே அந்த மதிப்பையே நிறமாக வெளியிட்டுவிட்டுத் திரும்பினால், அது சரியா தவறா என்று கண்ணுக்கே தெரியும்.

அண்டைப் பிக்சல்கள் தேவைப்படும் இடத்தில்தான் இந்த வழி தடுமாறுகிறது. முதல் விளைவின் முடிவை இரண்டாவது விளைவு ஒன்பது இடங்களில் படிக்க வேண்டுமானால், முதல் விளைவு ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒன்பது முறை கணக்கிடப்படும். மங்கலாக்கும் விளைவை எடுத்துக்கொள்வோம். 10 பிக்சல் ஆரம் என்றால் 21×21, அதாவது 441 இடங்களைப் படிக்க வேண்டும். அதையே கிடையாக ஒன்று, நெடுக்காக ஒன்று என இரண்டு கட்டங்களாகப் பிரித்தால் 21+21, அதாவது 42 போதும். ஆனால் பிரிப்பதற்கு இடைநிலைப் படம் வேண்டும். ஒரே ஷேடரில் அது கிடையாது. பின்னூட்டமும் அதே காரணத்தால் இயலாது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. நிகழ்ச்சியின் நடுவே திருத்தினால் முழு ஷேடரும் மீண்டும் தொகுக்கப்படும். ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் எல்லா விளைவுகளும் ஒன்றாக விழும். மற்றொன்று, பிழை தேடுபவரை வீணாக அலைக்கழிப்பது: ஒரு வரியைத் தற்காலிகமாக நீக்கினால், அந்த வரி மட்டுமே பயன்படுத்திய யூனிஃபார்மை, அதாவது பேட்ச் ஷேடருக்கு அனுப்பும் மதிப்பை, தொகுப்பி தானே அகற்றிவிடும். உடனே பேட்ச் “அப்படியொரு யூனிஃபார்ம் இல்லை” என்று புகார் சொல்லும். அது புதிய பிழை அன்று; வரியைத் திரும்பச் சேர்த்ததும் புகார் நின்றுவிடும்.

## ஃபிரேம்பஃபர் சங்கிலி

அண்டைப் பிக்சலோ முந்தைய படமோ தேவைப்படும் எந்த வேலைக்கும் என் முதல் தேர்வு இதுவே. ஷேடர் திரைக்கு வரைவதற்குப் பதிலாக, தனக்கென ஒதுக்கப்பட்ட ஒரு டெக்ஸ்ச்சருக்குள் வரைகிறது. அடுத்த ஷேடர் அந்த டெக்ஸ்ச்சரைப் படிக்கிறது. இந்த வசதி 2005இல் நீட்டிப்பாக வந்து, 2008இல் ஓப்பன்ஜிஎல் 3.0இன் பகுதியானது. படம் கிராஃபிக்ஸ் கார்டை விட்டு வெளியேறுவதே இல்லை. சாளரம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் இடைநிலைப் படத்துக்கு வேண்டிய அளவைத் தரலாம். ஒவ்வொரு கட்டமும் தனி டெக்ஸ்ச்சர் என்பதால், எந்தக் கட்டத்தையும் ஒரு செவ்வகத்தில் ஒட்டித் திரையில் பார்க்கலாம். ஐந்தாவது அளவுகோலில் இதற்கு இணை இல்லை.

ஆனால் சங்கிலி எத்தனை கண்ணிகளோ, இயல்புநிலை அமைப்புகளும் அத்தனை. “படமே வரவில்லை” என்ற முறையீடுகளில் பெரும்பாலானவை ஷேடரின் கணக்கில் உள்ள பிழையால் எழுவதில்லை. சொல்லாமல் விட்ட அமைப்புகளால் எழுகின்றன. அவற்றை அறிகுறியைக் கொண்டே இனங்காணலாம்.

படம் வருகிறது, ஆனால் மங்கித் தடித்திருக்கிறது என்றால் அளவைப் பாருங்கள். ஜெம்மில் ஃபிரேம்பஃபர் பொருளுக்கு அளவு சொல்லாவிட்டால் அது 256×256 என்று எடுத்துக்கொள்ளும். அதை 1920×1080 திரையில் விரித்தால் வேறெப்படி இருக்கும்?

முழுத் திரையும் ஒரே நிறத்தில் நிறைந்திருந்தால் டெக்ஸ்ச்சர் வகையைப் பாருங்கள். சாதாரண 2டி டெக்ஸ்ச்சரின் ஆயங்கள் 0 முதல் 1 வரை. செவ்வக டெக்ஸ்ச்சரின் ஆயங்களோ பிக்சல் எண்ணிக்கையில், 0 முதல் 1920 வரை. செவ்வக டெக்ஸ்ச்சரை 0 முதல் 1 வரையிலான ஆயத்தால் படித்தால் ஒரு மூலைப் பிக்சலின் நிறமே திரையெங்கும் பரவும். ஆயங்கள் சரியாக இருந்து சாம்ப்ளரின் (ஷேடருக்குள் டெக்ஸ்ச்சரைப் படிக்கும் மாறியின்) வகை மட்டும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் கறுப்புதான் கிடைக்கும். மேக்ஸின் வீடியோப் பகுதியான ஜிட்டரில் டெக்ஸ்ச்சர்கள் இயல்பாகவே செவ்வக வகை. மேக் கணினிகளில், மென்பொருள்களுக்கிடையே படத்தைப் பகிரும் சைஃபன் வழியாக வரும் படமும் ஓப்பன்ஜிஎல்லில் அதே வகையே. ஆகவே வேறொரு சூழலுக்காக எழுதப்பட்ட ஷேடரை அப்படியே கொண்டுவந்து ஒட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டில் எதைத் தேர்வது என்றால், புதிதாகத் தொடங்குபவர் 2டி வகையையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது நல்லது. செவ்வக வகையில் மிப்மேப் (படத்தின் படிப்படியாகச் சுருக்கிய பிரதிகள்) இல்லை, படத்தை ஓடுபோல் திரும்பத் திரும்ப அடுக்கும் வசதியும் இல்லை. பிக்சல் எண்ணைக் கொண்டு துல்லியமாக எண்ணிப் படிக்கும் ஷேடர்களுக்கு மட்டும் செவ்வகம் வசதியானது.

படம் ஒரு மூலையில் ஒடுங்கி மீதி கறுத்திருந்தால், அது பழைய காலத்தின் எச்சம். 2004இல் வந்த ஓப்பன்ஜிஎல் 2.0க்கு முன்பு டெக்ஸ்ச்சரின் பக்கங்கள் இரண்டின் அடுக்குகளாக இருக்க வேண்டியிருந்தது. 1920×1080 படத்தை 2048×2048 டெக்ஸ்ச்சரின் ஒரு பகுதியில் வைத்தால், படம் கிடையாக 0.9375 வரையும் நெடுக்காக ஏறத்தாழ 0.527 வரையும்தான் இருக்கும். பேட்ச் அனுப்பும் ஆயங்களைப் பயன்படுத்தாமல் ஷேடரே 0 முதல் 1 வரை கணக்கிட்டுக்கொண்டால் மீதிப் பகுதியும் சேர்ந்து தெரியும்.

இரண்டு படங்களைக் கலக்கும் ஷேடரில் ஒரே படம் இரண்டு இடத்திலும் தெரிந்தால் டெக்ஸ்ச்சர் யூனிட்டை, அதாவது டெக்ஸ்ச்சர் அமரும் எண்ணிட்ட இடத்தை, பாருங்கள். சாம்ப்ளர் யூனிஃபார்முக்கு அனுப்ப வேண்டியது யூனிட்டின் எண், அதாவது 0, 1, 2. டெக்ஸ்ச்சரின் அடையாள எண் அன்று. ஃபிரேம்பஃபர் பொருள் தன் வெளிவாயில் அடையாள எண்ணைத் தருவதால் அதையே சாம்ப்ளருக்கும் அனுப்பிவிடுவது மிக இயல்பாக நேரும் தவறு. அடையாள எண் டெக்ஸ்ச்சரை ஒட்டும் பொருளுக்குச் செல்ல வேண்டும். அந்தப் பொருளுக்கு ஒதுக்கிய யூனிட் எண் ஷேடருக்குச் செல்ல வேண்டும். இரண்டாவது டெக்ஸ்ச்சருக்கு யூனிட் 1 என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் இரண்டும் 0இல் அமர்ந்து, பின்னால் வந்தது முன்னதை மறைத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் ஒரு துடிப்பு பிந்தி வருவதாகத் தோன்றினால் வரையும் வரிசையைப் பாருங்கள். ஜெம்மில் ஒவ்வொரு வரைதல் சங்கிலிக்கும் ஓர் எண் உண்டு. சொல்லாவிட்டால் அது 50. சிறிய எண் முதலில் வரையப்படும். எழுதும் சங்கிலிக்கு 40, படிக்கும் சங்கிலிக்கு 60 என்று எண்ணிட்டால் வரிசை உறுதியாகும். எண்ணிடாமல் விட்ட பேட்ச் இன்று சரியாக ஓடி, நாளை ஒரு பொருளை வெட்டி ஒட்டியதும் மாறிப்போகலாம்.

ஃபிரேம்பஃபரின் மறைந்த செலவுகளில் இரண்டு கண்ணுக்குத் தெரியும். சாளரத்துக்கு இட்ட விளிம்பு மென்மையாக்கல் ஃபிரேம்பஃபருக்குத் தானாக வராது. முப்பரிமாணப் பொருள்களின் விளிம்புகள் திடீரென்று படிக்கட்டுகளாகத் தெரிவது இதனால்தான். ஒளிபுகும் பொருள்களை ஃபிரேம்பஃபருக்குள் ஒருமுறையும் திரையில் ஒருமுறையும் கலக்கும்போது ஆல்ஃபா (ஒளி எவ்வளவு புகாது என்பதன் அளவு) இரண்டு முறை பெருக்கப்பட்டு விளிம்பு கறுக்கும். இறுதிக் கலப்பில் முன்பெருக்கிய (நிறம் ஏற்கெனவே பெருக்கப்பட்ட) ஆல்ஃபாவுக்குரிய முறையைத் தேர்ந்தால் சரியாகும்.

### பின்னூட்டமும் நிற ஆழமும்

ஒரே டெக்ஸ்ச்சரைப் படித்துக்கொண்டே அதிலேயே எழுதினால் விளைவு வரையறுக்கப்படாதது; ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் அழகாகத் தெரிந்தது இன்னொன்றில் கட்டங்கட்டமாகச் சிதறும். இரண்டு ஃபிரேம்பஃபர்களை வைத்து, ஒன்றைப் படித்து மற்றதில் எழுதி, அடுத்த படத்தில் பங்கை மாற்றிக்கொள்வதே நம்பத்தக்க முறை. நினைவகம் இரட்டிப்பாகும் என்பது இதன் விலை.

நிற வடிவத் தேர்வுதான் பின்னூட்டத்தில் உண்மையான முடிவு. 1920×1080 அளவில், நான்கு நிறத் தடங்களுடன் ஒரு ஃபிரேம்பஃபருக்கு:

| வடிவம் | ஒரு பிக்சலுக்கு | மொத்தம் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| 8 பிட் | 4 பைட் | ஏறத்தாழ 8.3 மெகாபைட் | ஒருமுறை மட்டும் கடக்கும் விளைவுகள் |
| 16 பிட் ஃப்ளோட் | 8 பைட் | ஏறத்தாழ 16.6 மெகாபைட் | பின்னூட்டம், மெல்ல மறையும் தடங்கள் |
| 32 பிட் ஃப்ளோட் | 16 பைட் | ஏறத்தாழ 33.2 மெகாபைட் | நிறத்துக்குப் பதில் இடம், வேகம் போன்ற எண்களைச் சேமிக்கும்போது |

நகரும் உருவத்தின் பின்னால் தடம் மெல்ல மறைய வேண்டும் என்பதற்காக முந்தைய படத்தை ஒவ்வொரு முறையும் 0.98ஆல் பெருக்குகிறோம் என்று கொள்வோம். 8 பிட் ஃபிரேம்பஃபரில் மதிப்புகள் 0 முதல் 255 வரையிலான முழு எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. 24ஐ 0.98ஆல் பெருக்கினால் 23.52, அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் மீண்டும் 24. அடுத்த படத்திலும் 24தான், அதற்கடுத்ததிலும் 24தான். திரையில் சாம்பல் நிறப் பேயுருவம்போல் ஒரு தடம் ஒட்டிக்கொண்டு போக மறுப்பதற்குக் காரணம் இதுவே. பெருக்கெண்ணை 0.95 ஆக்கினால் அந்தத் தடை 9க்கு இறங்கும், ஆனால் தடமும் விரைவில் மறைந்துவிடும். மெதுவான மறைவும் தூய கறுப்பும் இரண்டும் வேண்டுமென்றால் 16 பிட் ஃப்ளோட்டுக்கு மாறுவதே நேரான வழி.

ஃப்ளோட்டுக்கும் ஒரு விலை உண்டு. 8 பிட் வடிவம் 1க்கு மேற்பட்ட ஒளிர்வைத் தானே வெட்டிவிடும், ஃப்ளோட் வெட்டாது. ஒவ்வொரு படத்திலும் ஒளிர்வு 2 விழுக்காடு கூடும்படி பின்னூட்டம் அமைந்துவிட்டால், வினாடிக்கு 60 படங்களில் ஒரு வினாடிக்குள் அது மூன்று மடங்கைத் தாண்டும்; ஒன்பது வினாடிகளுக்குச் சற்று மேல் 16 பிட் ஃப்ளோட்டின் உச்சமான 65504ஐயும் தாண்டி முடிவிலியாகிவிடும். அதன்பின் ஏதேனும் ஒரு கழித்தலில் ‘எண் அல்லாத’ மதிப்பு ஒரே ஒரு பிக்சலில் பிறந்தாலும், மங்கலாக்கும் கட்டம் அதை அண்டைப் பிக்சல்களுக்குப் பரப்பிக்கொண்டே போகும். கறை பரவுவதுபோல் திரை சில நொடிகளில் விழுங்கப்படும். கட்டுப்பாடுகளைத் திருப்பினாலும் மீளாது. ஆகவே ஃப்ளோட் பின்னூட்டத்தைத் தேர்பவர் ஒவ்வொரு சுற்றிலும் மேல் எல்லை இட வேண்டும். ஃபிரேம்பஃபரைத் துடைத்தெறியும் பொத்தான் ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

## திரையிலிருந்து நகலெடுத்தல்

இது ஃபிரேம்பஃபருக்கு முந்தைய காலத்து உத்தி. எல்லாவற்றையும் சாளரத்தில் வரைந்துவிட்டு, அந்தப் பரப்பை டெக்ஸ்ச்சருக்குள் நகலெடுத்து, அடுத்த படத்தில் பயன்படுத்துவது. படம் கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளேயே இருப்பதால் வேகம் பரவாயில்லை. ஒரே பொருளைச் சேர்த்தால் பின்னூட்டம் கிடைத்துவிடுகிறது என்பதால் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இது கவர்ச்சியாகவும் தெரிகிறது.

அளவுகோல்களில் இது பெரும்பாலும் தோற்கிறது. படத்தின் அளவு சாளரத்தின் அளவுக்குள் அடங்க வேண்டும். சாளரத்தை வேறொரு சாளரம் மறைத்தால் மறைந்த பிக்சல்களில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திரைப்பரப்பில் ஆல்ஃபா தடம் இல்லாமலும் போகலாம். உதவிக்காகத் திரையில் எழுதிய எண்களும் படத்தோடு சேர்ந்து பின்னூட்டத்துக்குள் போய்ச் சுழலும். பார்வையாளர் காண்பதையே, எழுத்துகள் உட்பட, அப்படியே மீண்டும் ஊட்ட வேண்டும் என்பது கலை நோக்கமாக இருந்தால், அல்லது கணினி ஃபிரேம்பஃபர் ஆதரவே இல்லாத அளவுக்குப் பழையதாக இருந்தால், இதைத் தேரலாம். வேறெங்கும் தேவையில்லை.

## சிபியுவுக்குக் கொண்டுவந்து மீண்டும் அனுப்புதல்

ஷேடரின் படத்தைச் சாதாரண நினைவகத்துக்குப் படித்து, அங்கிருந்து இன்னொரு டெக்ஸ்ச்சராக ஏற்றுவது நான்காவது வழி. இரண்டு ஷேடர்களை இணைப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துவது நிச்சயமாகத் தவறு. 1920×1080 படங்களை வினாடிக்கு 60 என்ற கணக்கில் படித்தால் ஏறத்தாழ 500 மெகாபைட். திரும்ப ஏற்ற அதே அளவு. தரவின் அளவைவிடக் காத்திருப்புதான் பெரிய இழப்பு. படிக்கும் கட்டளை வந்ததும், வரைதல் முழுவதும் முடியும் வரை சிபியு நின்றுவிடும். பியூர் டேட்டா போன்ற சூழல்களில் ஒலியும் அதே செயலியில் ஓடினால் ஒலியிலும் வெட்டு கேட்கும். பிக்சல் பஃபர் வழியாகக் காத்திராமல் படிக்கும் முறை உண்டு. அதில் விடை ஒன்றிரண்டு படங்கள் பிந்தி வரும். வரிசைகளின் திசையும் மாறும்: வீடியோப் படங்கள் மேலிருந்து கீழாகவும் ஓப்பன்ஜிஎல் டெக்ஸ்ச்சர்கள் கீழிருந்து மேலாகவும் அடுக்கப்படுவதால், ஒரு சுற்றுப் போய்வந்த படம் தலைகீழாக நிற்பது வழக்கம்.

ஆனால் படத்திலிருந்து ஓர் எண் வேண்டும் என்றால் இந்த வழியே உரியது. அசைவைக் கண்டறிந்து ஒலியை இயக்குவது, உருவத்தின் நடுப்புள்ளியைப் பின்தொடர்வது, நிகழ்ச்சியைப் பதிவுசெய்வது ஆகியவை இதன் இடங்கள். பதிவைத் தவிர மற்றவற்றுக்கு முழு அளவுப் படம் தேவையே இல்லை. 64×36 அளவுள்ள ஒரு ஃபிரேம்பஃபருக்குள் சுருக்கி வரைந்து அதை மட்டும் படித்தால், 82,94,400 பைட்டுக்குப் பதிலாக 9,216 பைட். 900இல் ஒரு பங்கு. சுருக்கும்போது ஒரு கவனம் வேண்டும். 1920இலிருந்து 64க்கு ஒரே தாவலில் இறங்கினால் ஒவ்வொரு சிறு பிக்சலும் மூலப் படத்தின் நான்கே பிக்சல்களைத்தான் பார்க்கும். சிறு அசைவுகள் தப்பும், எண்கள் துள்ளும். மிப்மேப் உண்டாக்கி அதிலிருந்து படிப்பதோ, படிப்படியாகப் பாதியாக்குவதோ சரியான சராசரியைத் தரும். செவ்வக டெக்ஸ்ச்சரில் மிப்மேப் கிடையாது என்பது இங்கே மீண்டும் இடறும்.

## வேறொரு மென்பொருளிடம் ஒப்படைப்பது எப்போது

சில நேரங்களில் இரண்டாவது ஷேடர் இந்தப் பேட்சில் இருக்க வேண்டியதே இல்லை. மேக்கில் சைஃபனும் விண்டோஸில் ஸ்பவுட்டும் ஒரு மென்பொருளின் டெக்ஸ்ச்சரைக் கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளேயே மற்றொன்றுக்குப் பகிர்கின்றன. லினக்ஸில் பலர் பயன்படுத்தும் வி4எல்2லூப்பேக்கில் படம் சிபியு வழியாகத்தான் போகும், ஆகவே மேற்சொன்ன செலவுகள் அங்கே பொருந்தும். ஆப்பிள் நிறுவனம் 2018இல் மேக்ஓஎஸ் 10.14 உடன் ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்தது. பழைய பாணிச் சூழல்கள் அங்கே ஓப்பன்ஜிஎல் 2.1க்கும் ஷேடர் மொழியின் 1.20 பதிப்புக்கும் மேல் போக முடியாது. புதிய பதிப்பில் எழுதப்பட்ட ஷேடர் ஒன்று கட்டாயம் வேண்டும் என்ற நிலையில், அதைப் பழைய சூழலுக்குள் திணிக்கப் போராடுவதைவிட, புதிய வரைதல் முறையுள்ள இன்னொரு மென்பொருளில் அதை ஓடவிட்டு டெக்ஸ்ச்சரைப் பகிர்ந்துகொள்வது பல மணி நேரத்தைக் காக்கும். ஒரு மென்பொருள் விழுந்தாலும் மற்றது கடைசிப் படத்தையாவது காட்டிக்கொண்டு நிற்க வாய்ப்புண்டு என்பதும் நேரலைக்கு உகந்த கூடுதல் பயன்.

## ஒரே பேட்சில் கலந்து அமைத்தல்

பெரிய பேட்சுகளில் ஒரே வழியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கேமராப் படத்தின் நிறத் திருத்தமும் பின்னணி நீக்கமும் ஒரே ஷேடரில் இருக்கட்டும். அதன் விளைவு 8 பிட் ஃபிரேம்பஃபரில் விழட்டும். பின்னூட்டத்துக்கு 16 பிட் ஃப்ளோட் ஃபிரேம்பஃபர்கள் இரண்டு, அசைவுக்கு 64×36 அளவில் ஒன்று, அதை மட்டும் சிபியு படிப்பது என்று பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஃபிரேம்பஃபருக்கும் அளவு, நிற வடிவம், டெக்ஸ்ச்சர் வகை, யூனிட் எண், வரையும் வரிசை ஆகிய ஐந்தையும் பேட்ச் திறக்கும்போதே செய்திகளாக அனுப்பிவிட வேண்டும். இயல்புநிலை சரியாக இருந்தாலும் அனுப்ப வேண்டும், ஏனெனில் இயல்புநிலைகள் கணினிக்குக் கணினி மாறலாம். மூன்று தடங்களுள்ள வடிவத்தைவிட ஆல்ஃபாவும் சேர்ந்த நான்கு தட வடிவமே எல்லாக் கார்டுகளிலும் வரைய ஏற்கப்படும் என்பதால், ஆல்ஃபா தேவையில்லாத கட்டங்களுக்கும் அதையே தருவது பாதுகாப்பு.

சோதனைக்கென்று இரண்டு சிறு ஷேடர்களையும் பேட்சுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஒன்று எந்த டெக்ஸ்ச்சரையும் படிக்காமல் முழுச் சிவப்பை மட்டும் வெளியிடும். மற்றது ஆயங்களைச் சிவப்பாகவும் பச்சையாகவும் காட்டும். கறுத்துப்போன கட்டத்தில் முதலாவதைப் பொருத்திச் சிவப்பு வந்தால் ஃபிரேம்பஃபரும் வரிசையும் நலம், குற்றம் டெக்ஸ்ச்சர் இணைப்பில். சிவப்பும் வராவிட்டால் ஷேடரை விட்டுவிட்டு ஃபிரேம்பஃபரின் அமைப்புகளைத் தேட வேண்டும். இரண்டாவதைப் பொருத்தும்போது ஒரு மூலை கறுப்பிலிருந்து எதிர்மூலை மஞ்சள் வரை சீராக நிறம் மாறினால் ஆயங்கள் 0 முதல் 1 வரை வருகின்றன. எதிர்மூலையிலும் முழு மஞ்சள் எட்டப்படாவிட்டால் டெக்ஸ்ச்சரின் ஒரு பகுதியில்தான் படம் இருக்கிறது. திரை முழுதும் மஞ்சளாக இருந்தால் ஆயங்கள் பிக்சல் எண்ணிக்கையில் வருகின்றன, டெக்ஸ்ச்சர் செவ்வக வகை.